இதர

எங்கள் பள்ளிக்கு மணி கிடையாது.
மாலை நான்கிலிருந்து நள்ளிரவு வரை
மன்னார்குடி ஹரித்ராநதி மேல்கரையில்
ரீசார்ஜ் கடைக்கு மாடியில்
அதன் ஒரு மூலையாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.
திரையில் என் பெயர் உதவி-3.
உதவி-1 கோயம்புத்தூரில். உதவி-2 பிரசவ விடுப்பில்.

வகுப்புக்கு வராத பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்பது என் வேலை.
காரணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு, தொட்டால் இறங்கும்:
உடல்நலக் குறைவு
குடும்ப நிகழ்ச்சி
இணையக் கோளாறு
இதர.
எழுதியவர் நல்லவராகத்தான் இருப்பார்.
ஐப்பசியில் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.
அறுப்பு மெஷினுக்கு வழிகாட்டி
வரப்பில் நின்றவன், இதர.
"வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிப்
போனை வைத்தவள், இதர.
மாதக் கடைசியில் அறிக்கை அனுப்புவேன்.
நூற்றில் எழுபத்தொன்று இதர.
யாரும் எதுவும் கேட்டதில்லை.

ம. வாலண்டினா, பதினொன்றாம் வகுப்பு, கோட்டூர்.
விண்வெளிக்குப் போனவளின் பெயர்;
கட்சிக்கார அப்பா வைத்தது.
கணிதம்-உயிரியல் பிரிவு. எண்பத்தேழு விழுக்காடு.
ஒன்பது நாள் காணவில்லை.
பத்தாம் நாள் தேர்வுக்கு மட்டும் வந்தாள்.
கண்காணிப்பு மென்பொருள் சிவப்பு காட்டியது:
பின்னணியில் வேறு நபர்கள். எண்ணிக்கை நாற்பது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
நீலத் தார்ப்பாய்க்குள்
தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன
நெல் மூட்டைகள்.

கூப்பிட்டேன்.
"கொள்முதல் நிலையத்துலதான் மிஸ்.
பகல்ல நான், ராத்திரி அப்பா.
ஈரப்பதம் இருபதுன்னுட்டாங்க. பதினேழுக்கு வரணும்.
காய வச்சா மழை, மூடி வச்சா முளை."

நான் படித்தேன், கண்டக்டர் ஊர் சொல்வதுபோல:
விடுபட்ட பாடங்களுக்குப் பதிவு இருக்கிறது,
சனிக்கிழமை இயற்பியலுக்குத் தனி ஆசிரியர், கட்டணமில்லை,
மனசு சரியில்லை என்றால் பேச ஒருவர் உண்டு,
அவர் செவ்வாய்க்கிழமை மட்டும்.
எந்த ஊரிலும் அவள் இறங்கவில்லை.

"பிரிவு மாத்தணும் மிஸ். கணக்குப்பதிவியல் வேணும்."

எண்பத்தேழு எடுத்தவர்கள் இப்படிக் கேட்டால்
திரையில் ஒரு மஞ்சள் பெட்டி வரும்:
மாணவரிடம் எடுத்துச் சொல்லவும்.
எடுத்துச் சொன்னேன். நீட். கால்நடை மருத்துவம். வேளாண்மைப் பட்டம்.
வேளாண்மை என்று சொல்லும்போது
எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவள் பேசவில்லை.
அந்தச் சும்மாவுக்குள்
எடை போடும் சத்தம் கேட்டது,
லோடுமேன் குரல் ராகம் போட்டு எண்ணியது:
லாபம்... ரெண்டு... மூணு...

"கேட்டுச்சா மிஸ்?
ஒண்ணுன்னு யாருமே சொல்றதில்ல. லாபம்ங்கிறாங்க.
அது யார் கணக்குல வரவு ஆகுதுன்னு
தெரிஞ்சுக்கிட்டா போதும் எனக்கு.
அப்புறம் வேணா உயிரியல் படிக்கிறேன்."

விண்ணப்பத்தைத் திறந்தேன்.
மாற்றத்துக்கான காரணம்:
மதிப்பெண் குறைவு, ஆர்வமின்மை, பெற்றோர் விருப்பம், இதர.
இதரவைத் தொட்டேன்.
கீழே ஒரு கட்டம் திறந்தது.
நாலு வருஷமாக இந்தப் பக்கம் எனக்கு வேலை வந்ததில்லை;
இங்கே எழுத இடம் இருப்பதே தெரியாது.
அறுபது எழுத்துக்குள் விளக்குக.

எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன்:
மூட்டை எண்ணும்போது முதல் மூட்டைக்கு எண் இல்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து பதில்:
புரியவில்லை. அனுமதிக்கிறேன்.

மூன்று வாரம் இணைப்புப் பாடம்.
முதல் அலகு இரட்டைப் பதிவு முறை.
காலை ஆறு மணிக்கே திறந்துவிட்டாள்,
பச்சைப் புள்ளி எரிகிறது என் போனில்.
நெல்லுக்கு இன்னும் பதினெட்டு.