நூற்று எழுபத்தைந்தாம் சாலை

இரவில் இந்தச் சாலையில் நான் பனி தள்ளுபவன்.
ஒன்றுவிட்ட வியாழக்கிழமைகளில் மட்டும்
பகலில், பயணி.
பின்னிருக்கையில் மகள் ஒரேலி,
மடியில் கணக்குப் புத்தகம்.
ஷிக்கூட்டிமியிலிருந்து கியூபெக் நகரம்
இருநூறு கிலோமீட்டருக்குமேல்.
இடையில் ஊரே இல்லை. வேலி, ஊசியிலைக் காடு,
மூஸ் மான் குறுக்கே வரும் என்கிற மஞ்சள் பலகை.

ஆறு வயதில் அவள் விரல் முட்டிகளில்
மஞ்சளாய் எதுவோ முளைத்தது.
மரு என்றார் முதல் மருத்துவர்.
குளிர்வாயுவால் பொசுக்கினார்.
திரும்ப வந்தது, குதிகாலையும் சேர்த்துக்கொண்டு.
இரண்டாமவர் அவள் கையைத் தடவிப் பார்த்தார்,
பிறகு எங்கள் இருவர் முகத்தையும்.
"இரண்டு பேரும் இந்தப் பக்கத்து ஆட்களா?"
கேள்வி விளங்கவில்லை.
இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

மூன்று இருக்கவேண்டிய இடத்தில்
பதினெட்டு என்றது அவள் ரத்தம்.
எனக்கு ஒன்பது. மிரியானுக்கு எட்டரை.
ஆளுக்கொரு பழுதைச் சுமந்திருக்கிறோம்.
இரண்டையும் அவளுக்குக் கொடுத்துவிட்டோம்,
மூக்கையும் முழியையும் கொடுத்தது போல, கேட்காமல்.

மரபணு ஆலோசகர் தாளில் வரைந்தார்:
கல்லீரலின் ஒவ்வொரு அணுவிலும் கதவுகள்,
ரத்தத்தில் அலையும் கொழுப்பைக் கூப்பிட்டு
உள்ளே விடுகிறவை.
கதவு செய்யும் குறிப்பில்
பதினைந்தாயிரம் எழுத்துகள் இல்லை,
முதல் பத்தியும் அதற்கு முன்னாலிருந்ததும்.
அதனால் வாசிப்பு தொடங்குவதே இல்லை.
"பனிவண்டியே வராத சாலையா?" என்று கேட்டேன்.
பேனாவை மூடிவிட்டு, ஆமாம் என்றார்.

மிரியான் தேவாலயப் பதிவேடுகளைத் தோண்டினாள்.
என் வரிசையும் அவள் வரிசையும்
கல்யாணம் கல்யாணமாய்ப் பின்னிறங்கி
பதினொன்றாம் தலைமுறையில்
ஒரே வாசலில் முட்டிக்கொண்டன.
ஒரு தச்சன், அவன் மனைவி, கப்பலில் வந்தவர்கள்.
கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி.
பன்னிரண்டு பிள்ளைகள்.
இருவரில் யார் கொண்டுவந்தது
என்று எழுதிவைக்கவில்லை.
நாற்பதில் மாரைப் பிடித்துச் சாய்ந்தவர்களைக்
கடவுள் அழைத்துக்கொண்டார் என்று மட்டும் எழுதினார்கள்.
என் அண்ணன் லியோனல்
முப்பத்தாறில் ஹாக்கித் தளத்தில் விழுந்தபோது
நாங்களும் அதைத்தான் சொன்னோம்.

"சொந்தத்தில்தான் கட்டியிருக்கிறோம்" என்று
இரவு இரண்டு மணிக்குச் சிரித்தாள் மிரியான்.
"இந்த ஊரில் யார்தான் இல்லை" என்றேன்.
அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் ரத்தம்
ஒரு கையால் வெளியேறி, இயந்திரம் சுற்றி,
மறு கையால் வீடு திரும்பும். மூன்று மணி நேரம்.
பையில் மஞ்சளாய்ச் சேர்வதைப் பார்த்து
"மேப்பிள் பாகு மாதிரி" என்றேன் முதல் நாள்.
"மூத்திரம் மாதிரி" என்றாள்,
செவிலி கதலீன் காதில் விழும்படி.
கதலீன் சிரிக்கமாட்டாள்.
ஒரேலிக்கு அவளைப் பிடிப்பதே அதனால்தான்.

திரும்பும்போது எண் நான்குக்குப் பக்கத்தில்.
நாளைக்கே ஏறத் தொடங்கும்.
எனக்கு இது புதிதல்ல.
தள்ளிய இடத்தில்தான் மறுபடி பெய்யும்.
ஏன் தள்ளுகிறாய் என்று
பனிவண்டிக்காரனை யாரும் கேட்டதில்லை.

பாதிவழி நிறுத்தத்தில் கைபேசிக்கு உயிர் வருகிறது.
லியோனலின் மகன் இத்தியன். இருபத்தொரு வயது.
பரிசோதனை என்றாலே மூன்று வருடமாய்
கதவை அறைந்துவிட்டுப் போகிறவன்.
ஒரு வரி: ரத்தம் எடுக்குமிடம் எத்தனை மணிக்குத் திறக்கும்?

நான் கையுறையைக் கழற்றுவதற்குள்
ஒரேலி தட்டிவிட்டாள்:
ஏழுக்கு. வெறும் வயிற்றில் போ.
இடது கையை நீட்டு.

அனுப்பிவிட்டுக் கேட்கிறாள்,
ஏழில் மூன்று பெரிதா, ஐந்தில் இரண்டா.
எதிரே என் வண்டி வருகிறது, வேறொருவன் ஓட்ட.
விளக்கை இருமுறை அணைத்து எரிக்கிறான்.