சின்ன எழுத்து

பதினாலாம் நம்பர் காட்டை
யாரும் பதினாலு என்று சொல்வதில்லை.
கிளாக்கிக்காடு.

வெள்ளைக்காரன் காலத்தில்
சம்பளப் பெட்டியோடு குறுக்கே போன கிளாக்கர் ஒருவரை
அந்த மண் முழுங்கிவிட்டதாம்.
தொப்பி மட்டும் திரும்பி வந்ததாம்.
டிராக்டர் எல்லப்பன்
அந்த வளைவில் இறங்கி
ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மண்ணில் நட்டுவிட்டுத்தான்
கியரை மாற்றுவார்.
லொம்போக்கிலிருந்து வந்த ஜுமாடியும் இப்போது நடுகிறான்,
கிராம்பு மணக்கிற சிகரெட்.

நான் எடைமேடைக் கிராணி.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும், காலியாய் இறங்கும்,
கழித்து எழுதுவேன்.
சக்கரத்துச் சேற்றுக்கும் சேர்த்து
கம்பெனி காசு கொடுத்த நாட்கள் உண்டு.
அது வேறு கதை.

பழைய ஆபீசைக் காலி செய்தபோது
கறையான் மிச்சம் வைத்த மண் பதிவேடு ஒன்று கிடைத்தது.
பதினாலுக்கு எதிரே ஒரே ஒரு சொல்:
கிளாகி.
முதல் எழுத்து, சின்ன எழுத்து.

ஆளின் பேரென்றால் பெரிய எழுத்தில் தொடங்கியிருப்பான்.
பால்வெட்டுக்காரர் பேரைக்கூட
பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறான்,
தப்புத் தப்பாக.

அகராதியைத் திறந்தேன்.
ஈரமான, கனத்த,
களியாய் ஒட்டிக் காலை விடாத.
வட இங்கிலாந்து உழவர் பேச்சு.
அதற்கும் முன்னால் டென்மார்க் பக்கம்
பிசுக்குச் சேற்றைச் சொன்ன சொல்லோடு உறவிருக்கலாம் என்று
அகராதியே ஒரு 'ஒருவேளை' போட்டிருந்தது.

ஒருவேளை
படகிலிருந்து இறங்கிய எவனோ காலை உதறியிருப்பான்.
உதறியது போகவில்லை.
எத்தனையோ தலைமுறை தாண்டி
ஒரு துரையின் பூட்சில் ஏறி
பத்தாங் பெர்ஜுந்தையில் வந்து இறங்கியிருக்கிறது.

எங்கள் கப்பலிலும்
சகதி வந்தது, தொளி வந்தது,
சொதசொத என்று ஒன்று
செருப்பில்லாமலே வந்தது.
பதிவேட்டில் அவற்றை யாரும் ஏற்றவில்லை.

பெயரடை என்று பள்ளியில் படித்தேன்.
பெயருக்கு முன்னால் போய் ஒட்டுமாம்.
இது பெயரையே விழுங்கிவிட்டு
மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.
இந்த ஊருக்கும்தான்
பெஸ்தாரி ஜெயா என்று புதுப் பலகை நட்டார்கள்.
பஸ்சில் ஏறிப் பாருங்கள்,
கிழவர்கள் வாயில் இன்னும் பத்தாங்தான்.

எல்லப்பனிடம் சொன்னேன்:
அப்படி ஒரு ஆளே இல்லை அண்ணே,
அது மண்ணோட குணம்.
அவர் பாராங்கத்தியால் டயரைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்:
"ஆளு இல்லன்னா
பொட்டி எங்கம்மா போச்சு?"

சாயங்காலம் மழை விட்டதும்
பார்த்துவிட்டு வரலாம் என்று நானே போனேன்.
சிகரெட் துண்டுகள் வரிசையாக நனைந்து நின்றன.
ஓர் அடி வைத்தேன்.
அடுத்த அடி என்னைக் கேட்கவில்லை.
காலை உருவியபோது
சப்பென்று ஒரு சத்தம்,
காலணி வரவில்லை.

ஒற்றைக் காலணியோடு திரும்பி
இருட்டிய எடைமேடையில் ஏறி நின்றேன்.
லாரிகளுக்குச் செய்த எந்திரம்,
யோசித்து
அறுபது என்றது.

சேற்றோடு.