நீர்மட்டக் குறிப்பேடு

பிப்ரவரி பன்னிரண்டு. காலை ஏழு.
தௌகாவா ஆறு: நான்கு மீட்டர் பதினெட்டு.
பாலத்துக்குக் கீழே பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது.
ஜித்ரா: எண்பத்தைந்து மில்லி. சிவப்பு.

ஒரே நோட்டில்தான் எழுதுகிறேன்.
அலுவலகத்துக்குத் தெரிந்தால் திட்டுவார்கள்.
வேறு நோட்டு வாங்கலாம்தான்.
கடையில் வெல்தா இருப்பாள்.
"எப்படி இருக்கிறாள்?" என்பாள்.
எண்ணைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

முப்பத்தோரு வருடமாக
யேகப்பில்ஸ் பாலத்தடியில் ஆற்றின் உயரம் படிக்கிறேன்.
ஆறு எப்படி இருக்கிறது என்று
ஒருவரும் கேட்டதில்லை.
எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

ரீகாவில் அந்த மருத்துவன்,
என் மகனைவிடச் சின்னவன்,
தாளில் வட்டம் போட்டு
குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினான்.
நான் கேட்ட ஒரே கேள்வி:
"அன்றைக்கு வண்டியை எங்கே நிறுத்துவது?"
ஜித்ரா திரும்பிப் பார்த்தாள்.
அந்தப் பார்வை இன்னும் என் கோட்டுப் பையில் கிடக்கிறது,
நிறுத்துமிடச் சீட்டோடு.

அறுவை நடந்த நாலு மணி நேரமும்
கார்க் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டினேன்.
என்னுடையது முடிந்ததும்
பக்கத்துக் காருடையது.
அப்புறம் அதற்கடுத்தது.
காவலாளி வந்தார்.
கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.
தன்னுடைய நல்ல சுரண்டியை நீட்டிவிட்டுப் போனார்.

வீடு திரும்பி
இரண்டு குளிர்காலத்துக்கான விறகு பிளந்தேன்.
தம்பி ஐவார்ஸ் புகையில் வாட்டிய மீன் கொண்டுவந்தான்.
ஒரு மணி நேரம் பேட்டரி பற்றிப் பேசினான்.
கிளம்பும்போது, கதவுப்பிடியைப் பார்த்தபடி,
"நீ சாப்பிடுகிறாயா?" என்றான்.

பிப்ரவரி பதினாறு. ஐந்து மீட்டர் இரண்டு.
அபாயக் கோட்டுக்கு ஒரு சாண்.
ஜித்ரா: ஐம்பது. வெளிறிய சிவப்பு.

அவள் விலாவிலிருந்து இறங்கும் குழாயை
இரு விரலால் நீவிவிடுகிறேன்.
உருண்டைக் குப்பியைத் திறந்து, அளந்து, கொட்டி,
காற்றைப் பிழிந்து மூடுகிறேன்.
கை நடுங்குவதில்லை.
கண்தான் குப்பியைத் தாண்டி
ஒரு விரற்கடை மேலே ஏறுவதில்லை.
"பயப்படாதே, அங்கே ஒன்றும் இல்லை" என்றாள் ஒரு நாள்.
அது வேடிக்கை என்று எனக்கு விளங்க
மறுநாள் மதியம் ஆயிற்று.
பாலத்தடியில், முழங்கால் பனியில் நின்று,
தனியாகச் சிரித்தேன்.
பிறகு அது சிரிப்பாக இல்லை.

பிப்ரவரி இருபத்திரண்டு: இருபத்தெட்டு. தேன் நிறம்.
இருபத்து மூன்று: இருபத்து நான்கு.
நர்ஸ் குழாயை உருவிவிட்டாள்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு
அளவுக் குவளையோடு கட்டிலருகே நின்றேன்.
ஜித்ரா ஒரு கண்ணைத் திறந்தாள்.
"போ. போய் ஆற்றை அள."

மார்ச்சில் ஓரிரவு பனி உடைந்தது.
ஊரே கரைக்கு ஓடியது.
நாங்கள் சன்னலைத் திறந்துவைத்துக்
கட்டிலில் கிடந்தபடியே கேட்டோம்,
பலகைகளை யாரோ மாடியிலிருந்து எறிவது போல.
அவள் வலப்பக்கம் புரண்டு படுத்தாள்.
இத்தனை வருடமும் இடப்பக்கம்தான்.
என் கைக்கு எங்கே இருப்பதென்று தெரியவில்லை.
தலையணைமேல் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல். சனிக்கிழமை.
கல்யாணமான நாளிலிருந்து
சனிக்கிழமைகளில் நீராவிக் குளியல் ஒன்றாகத்தான்.
அன்று அடுப்பை மூட்டிவிட்டு
வெளிப்படியில் உட்கார்ந்தேன்,
மடியில் இரண்டு துண்டு.
"ஊற்ற ஆள் வேண்டும்" என்று உள்ளிருந்து குரல்.

சட்டையோடு போனேன்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி.
கல் சீறுவது கேட்டது, பர்ச் இலை மணந்தது,
கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.
அதில் ஒரு நிம்மதி இருந்ததை
ஒத்துக்கொள்கிறேன்.

அவளே கண்ணாடியைக் கழற்றி
துண்டின் முனையால் துடைத்து
மறுபடி என் மூக்கில் மாட்டினாள்.
"ம். படி."

படித்தேன்.
"அவன் நேராக வரைந்து காட்டினான்.
இது கோணலாகப் போகிறது" என்றேன்.
"அக்குள் வரை."

"தெரியும்," என்றாள். "ஊற்று."