முன்போலவே

கருங்கல் முக்கில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறிக்கு அடியில் ஒரு கல்யாணம்
நூற்றுப்பத்து ஜிபி கனத்துக் கிடக்கிறது.
மாப்பிள்ளையின் அண்ணன் தோகாவிலிருந்து கேட்கிறான்:
"போனுக்குள்ள கொள்ளுக மாதிரி அனுப்பு, ஷைனி."

கொள்ள வைக்கலாம்.
முதலில் நிறத்தில் கைவைப்பேன்.
கண் வெளிச்சத்துக்குத்தான் கணக்குக் கேட்கும்;
நிறத்தை நாலு புள்ளிக்கு ஒன்றாகப் பங்கிட்டால்
பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தவள்கூடக் கண்டுபிடிக்க மாட்டாள்.
பிறகு படத்தை எட்டுக்கு எட்டாக அறுத்து
நுணுக்கமான செதில்களைச் சுரண்டித் தள்ளுவேன்.
திரும்ப ஒட்டாது. தெரிந்தேதான் செய்கிறேன்.

அப்புறம் இருப்பது நேரம்.
ஒரு ஃப்ரேம் முழுசாக எழுதப்படும்.
அடுத்ததில் மாறியது மட்டும்:
மாலை இவ்வளவு இடப்பக்கம் நகர்ந்தது,
கேக் வெட்டுகிற கை இவ்வளவு கீழே.
மாறாததற்கெல்லாம் ஒரே சொல்:
முன்போலவே.

குறும்பனைக் கடற்கரையில் பந்தல். தடைக்காலம்,
விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில்,
கரையில் இருப்பவர்கள் எல்லோரும் கல்யாணத்தில்.
பின்னால் ஆனி மாதக் கடல்.
அது அந்த ஒற்றைச் சொல்லுக்கு அடங்குவதில்லை.
ஒவ்வொரு நுரையும் தான் புதுசு என்று அடம்பிடிக்கும்.
நான் அளந்து வைத்த பிட்டில் முக்கால்வாசி
அலைக்கே போனது.
மிச்சத்தில்தான் மணப்பெண்ணுக்கு மூக்குத்தி.

புதன்கிழமை ஒருவர் மாடியேறி வந்தார்.
பெயர் பனியடிமை.
பந்தலின் தென்மேற்கு மூங்கிலில் கயிறு அறுந்தபோது
அதைக் கட்டிப்பிடித்து நின்றவர்,
மூன்றேகால் மணி நேரம்.
"எல்லாரும் பாத்தாச்சு. நான் அதுல இல்லியாம், மக்களே."

ஓட்டிப் பார்த்தேன். இருக்கிறார்,
மூங்கிலோடு மூங்கிலாக.
முகம் ஐந்தாறு கட்டம். சட்டை ஒரு கறை.
கடலுக்கு முன்னால் நின்றதால்
உங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றேன்.
அசையாத ஆளை இயந்திரம் மறுபடி எழுதாது என்றும் சொன்னேன்.
"அசைஞ்சிருந்தா பந்தலுல்லா போயிருக்கும்" என்றார்,
கோபமில்லாமல்,
ஏலத்தொகையைச் சரிபார்க்கிற குரலில்.

மூலக் கோப்பை இன்னும் அழித்திருக்கவில்லை.
திறந்தேன்.
முழங்கை நரம்பு வந்தது. பித்தான் இல்லாத இரண்டாவது துளை வந்தது.
காற்று பந்தலைத் தூக்கும்போதெல்லாம்
பெருவிரல்கள் மணலுக்குள் ஒரு அங்குலம் இறங்குவது வந்தது.
ஒருமணி நாற்பத்தொன்றாம் நிமிடத்தில்
பெண்ணும் மாப்பிள்ளையும் கடந்துபோகையில்
பிடியை விடாமல் கண்ணைத் தோளில் தேய்த்துக்கொள்கிறார்.
"மணலு" என்றார்.
நான் கேட்கவே இல்லை.

அந்தப் பதினொரு நொடியை மட்டும் வெட்டி
எதையும் சுரண்டாமல் அனுப்பினேன்,
வீடியோவாக அல்ல, டாக்குமெண்டாக;
இல்லையென்றால் போகிற வழியில்
வேறொருத்தன் இன்னொருமுறை அறுப்பான்.

அவர் போனில் இடமில்லை.
ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களை
ஒவ்வொன்றாக அழித்தார், இருநூற்றுச் சொச்சம்,
அனுப்பியவர் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே.
தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் சக்கரம் நின்றது.
கீழே குளச்சல் பஸ் ஹாரன் அடித்துப் போனது.
அவர் அசையவில்லை.