தலைப்பெழுத்து

லியோன் காவல் நிலையத்தில்
முதல் கேள்வி, குடும்பப் பெயர்.
அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை,
தலைப்பெழுத்து ஒன்று இருக்கிறது,
விரித்தால் அப்பா வருவார்.
விரித்தேன்.
பேச்சிமுத்து என்று தட்டச்சினார் அந்த அதிகாரி,
இரண்டு இடத்தில் பிழையோடு.
அஞ்சுகம் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்
பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டாள்.

தொகை?
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது யூரோ.
யாருடைய பணம்?
இங்கேதான் எனக்குத் திக்கியது.
நான்கு பேர் தினப்படி, ரயில் கட்டணம்,
தறிக்கூடங்களுக்கு நுழைவுச்சீட்டு,
பட்டு வளர்ச்சித் துறையின் பயண முன்பணம்.
தொலைகிற நிமிஷம்வரை அரசாங்கத்துடையது.
தொலைந்த பிறகு என்னுடையது.
இதை எந்தப் பாஷையில் சொல்ல?
"உங்களுடையதுதானே?" என்றார்.
ஆமாம் என்றேன்.

நடந்தது இவ்வளவுதான்.
பார்-த்யூ நிலையம், காலை பதினொன்று நாற்பத்திரண்டு.
"அஞ்சுகம், ஒரு போட்டோ எடும்மா,
பின்னால அந்த ரயில் பலகையும் விழட்டும்"
என்றார் இணை இயக்குநர்.
மூன்று பேர் கோட்டை இழுத்துவிட்டு நின்றார்கள்.
பையைக் கால்களுக்கு நடுவே வைத்தேன்.
கைபேசி இரண்டு கை கேட்கிற சாமான்.
முதல் படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டார்,
அதனால் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே ஒன்பது விநாடி.
குனிந்தால்
என் செருப்புகளுக்கு இடையில் வெறும் தரை,
நன்றாகத் துடைத்த தரை.

இரவு ரோன் ஆற்றங்கரையில் சாப்பாடு.
அவரவர் அட்டையைத் தேய்த்தார்கள்.
என் பங்கை ஒருவர்
சிறு நோட்டில் குறித்துக்கொண்டார்,
பதினெட்டு யூரோ ஐம்பது.
பேச்சு பூராவும் பிரான்சின் மல்பெரி பற்றி.

விடுதி அறையில்
விளக்கக் கடிதம் எழுதினேன்.
"கூட்ட நெரிசலில்" என்று தொடங்கினேன்.
நெரிசல் இருக்கவில்லை.
"அடையாளம் தெரியாத நபர்கள்" என்று தொடங்கினேன்.
எத்தனை நபர் என்று கேட்பார்கள்.
"பொறுப்பிலுள்ள ஊழியர்
இயல்பான முன்னெச்சரிக்கை எடுத்தாரா"
என்ற விதியின் வரி
கொட்டாவிபோல் திரும்பத் திரும்ப வந்தது.
முப்பத்தாறு தவணை என்று கணக்குப் போட்டேன்.
இருபத்து நான்கு என்றும் போட்டுப் பார்த்தேன்.

விடியுமுன் சென்னையிலிருந்து அழைப்பு.
"ஏம்மா, போலீஸ் அறிக்கையில
பணத்தைத் தொலைச்சது பேச்சிமுத்துன்னு இருக்கே,
யார் அவர்? நம்ம குழுவுல அப்படி ஆள் இல்லையே?
அரசு ஊழியரா?"

போக்குவரத்துக் கழகம், சார்.
செங்கோட்டைத் தடத்தில் நடத்துநர்.
ஒருமுறை ஒரு டிக்கெட் கட்டு காணாமல் போய்
பதினோரு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அதற்குப் பிறகு
பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் சாப்பிடுவார்,
வீட்டிலும்கூட.
இவை எதையும் நான் சொல்லவில்லை.
"எங்கப்பா சார்" என்றேன்.
"அவர் எதுக்கும்மா பிரான்சுக்கு வந்தார்?"
"வரல சார். இறந்து ஒன்பது வருஷமாகுது."
நீண்ட அமைதி.
வெளிநாட்டு அழைப்புக்கு
யார் தலையில் பற்று எழுதுவார்களோ.
"அப்ப யார்கிட்ட வசூல் பண்றது?" என்றார்,
கோபமாக இல்லை, உண்மையாகவே தெரியாமல்.

எட்டு மணிக்கு மறுபடி காவல் நிலையம், பெயரைத் திருத்த.
திருத்த முடியாதாம்,
வேண்டுமானால் புதிதாக ஒரு புகார் கொடுக்கலாமாம்.
அப்போது இரண்டு பேர்
ஒரே பணத்தைத் தொலைத்ததாக ஆகும்.
வேண்டாம் என்று வெளியே வந்தேன்.
டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.
கை தானாகக் கக்கத்துக்குப் போனது.
அங்கே ஒன்றுமில்லை.

நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து
கடிதத்தை முடித்தேன்.
யார் எடுக்கச் சொன்னார் என்று எழுதவில்லை.
கீழே,
இணைப்பு ஒன்று, காவல் அறிக்கை.
இணைப்பு இரண்டு, தந்தையின் இறப்புச் சான்றிதழ் (பின்னர் அனுப்பப்படும்).
இணைப்பு மூன்று, புகைப்படங்கள், நேரத்துடன், இரண்டு.
ஒன்றில் ஒருவர் கண் மூடியிருக்கிறார்.