மூன்றாம் வசனம்

வெள்ளி இரவே வாட்ஸப்பில் வந்துவிட்டது
சபைச் செயலர் தங்கையாவின் பட்டியல்.
ஞாயிறு முதலாம் பாடம்: சிஸ்டர் எமல்டா.
அதிகாரம், வசனங்கள், கூப்பிய கை ஒன்று.

சனி இரவு எனக்கு டியூட்டி.
சிக்கதாயம்மாவின் பிள்ளைக்கு இன்னும் பெயரில்லை,
கால்பட்டையில் தாய் பெயர்தான்.
மாலூரிலிருந்து ஆம்புலன்சில் வந்தபோது
தொள்ளாயிரத்து அறுபது கிராம்.
இரண்டு மணிக்கொரு தரம் இரண்டு மில்லி பால்
குழாய் வழியே.
நடுவில் மூச்சை மறந்துபோவான்.
மானிட்டர் கத்தும்.
பாதத்தைச் சுண்டுவேன்,
டேய், மூச்சு விடுடா.
விடுவான்.

நாலு மணிப் பால் இறங்கியபின்
போனில் அந்த அதிகாரத்தைத் திறந்தேன்.
மூன்றாம் வசனத்தில் இன்னொரு பட்டியல்.
ஆணில் தொடங்கி
முலை விடாத பிள்ளை வழியாக
கழுதையில் முடிகிறது.
ஒன்றும் மிஞ்சக்கூடாதாம்.
சொல்வது
நான் தினம் பேசுகிறவரின் குரல்.

காரணம் இருக்கிறது, இல்லாமலில்லை.
அவர்கள் பாட்டன்மார் வழிமறித்தார்களாம்,
சில நூறு வருஷத்துக் கணக்கு.
பைபிள் ஸ்டடியில் ஒருமுறை கேட்டதற்கு
பாவத்தை வேரோடு பிடுங்கணும் சிஸ்டர், என்றார்கள்.
எனக்குத் தெரிந்த வேர்
தொப்புளில் கிளாம்ப் போட்டு,
காய்ந்து, ஏழாம் நாள் விழும்.

பிறகு வாசித்ததுதான் இன்னும் தூங்கவிடவில்லை.
ராஜா கொழுத்த ஆடுகளை விட்டுவைத்தான்,
அதுவே குற்றம்.
அவை கத்தியது தீர்க்கதரிசியின் காதில் விழுந்தது.
பிள்ளைகள் கத்தியது யார் காதில் விழுந்தது?
வசனம் வசனமாய்த் தேடிப் பார்த்தேன்.
ஆடுகள்தான் கத்துகின்றன.

காலையில் நேரே லிங்கராஜபுரத்துக்கு ஆட்டோ.
வெள்ளைப் புடவை, கையில் சானிடைசர் வாசம்.
மூன்றாம் வசனத்தை விழுங்கிவிடலாமா என்று
மைக் முன் நிற்கும்வரை நினைத்திருந்தேன்.
விழுங்கவில்லை.
ஒவ்வொரு சொல்லாய், இடைவெளி விட்டு வாசித்தேன்.
கடைசி வரிசையில் பியூலாவின் கைக்குழந்தை சிணுங்க
யாரோ உஷ்ஷ் என்றார்கள்.
நிறுத்திக்கொண்டேன்.
அது சிணுங்கி முடிக்கட்டும் என்று
ஃபேன் சுற்றுவதைக் கேட்டபடி நின்றேன்.
தங்கையா தொண்டையைச் செருமினார்.

முடிவில் வழக்கமாய்ச் சொல்லும் வாக்கியம்,
இது கர்த்தரின் வார்த்தை என்பது,
வாய்வரை வந்தது.
பாடம் முடிந்தது, என்றேன்.
சபை பழக்கத்தில் ஸ்தோத்திரம் சொல்லிற்று.
ஆயர் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கித்தார்.
அப்பத்தை வாங்கிக்கொண்டேன்.
ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

இரவு மறுபடி வார்டு.
ஆண்டவரே,
உம்மைப் பற்றிய புகாரையும்
உம்மிடமே தரவேண்டியிருக்கிறது,
வேறு கவுண்டர் இல்லை.
அப்படி நீர் சொன்னீரா,
இல்லை, கத்தி வைத்திருந்தவன் எவனோ
உம் பெயரைப் போட்டு எழுதிக்கொண்டானா?
இதை மட்டும்

மானிட்டர் கத்திற்று.
போய்ச் சுண்டினேன்.