கல்லுப்பு

நாலு மணி ஆராதனை முடிந்து வந்து
பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல்
ஆட்டுக்கறியை அடுப்பில் ஏற்றிவிட்டேன்.
சமாதானபுரம் முழுக்க வெடிச்சத்தம்.
எங்கள் வாசலிலும் ஸ்டார் தொங்குகிறது,
உள்ளே பல்பு இல்லை.
துட்டி வீட்டில் என்ன வெளிச்சம் என்றாள் நாத்தனார்.
பிள்ளைகள் இருக்கிற வீடு என்றார் இவர்.
இரண்டு பேர் சொல்லையும் கேட்டதில்
இப்படி ஆயிற்று.

பதினொரு வருஷம்
இந்த வீட்டில் எதற்கும் பாதி உப்புதான்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி டாக்டர்
சீட்டின் பின்பக்கம் சிவப்பு மையில் எழுதி
அடிக்கோடும் போட்டுக் கொடுத்தது.
மாமாவுக்கு மட்டும் வேறு சட்டி வைத்துப் பார்த்தேன்.
'எனக்கு மட்டும் என்ன தனிப்பொங்கலா?' என்று
தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.
அதிலிருந்து எல்லோருக்கும் ஒரே சட்டி,
எல்லோருக்கும் சப்பென்று.
விருந்துக்கு வந்தவர்கள் ஊறுகாயைத் தேடினார்கள்.
எட்வின் பெண்டாட்டிக்குக் கைப்பக்குவம் போதாது என்று
மூன்று தெருவுக்குப் பேராயிற்று.
அவர் ஒரு தடவையும் மறுத்துப் பேசவில்லை.
ஒவ்வொரு கிறிஸ்மஸ் மத்தியானமும்
முதல் கவளத்தை விழுங்கிவிட்டு
'உப்பில்லையே பெமிலா' என்பார்,
அன்றைக்குத்தான் கண்டுபிடித்ததுபோல.

சண்டை போட்டிருக்கிறேன்.
லெந்து நாள் நாற்பதும் பேசாமல் இருந்திருக்கிறேன்.
நல்ல மருமகள் என்று
யாரும் கல்லறையில் பொறிக்க வேண்டாம்.

செப்டம்பரில் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்
அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார் இவர்.
கன்வென்ஷன் நோட்டீஸில் மடித்த பொட்டலம்,
உள்ளே நீர்கோத்த நாலைந்து உப்புக்கல்.
'பாத்தியா இந்த மனுஷனை' என்று சிரித்தார்,
சிரித்துக்கொண்டே புறவாசலுக்குப் போய்விட்டார்.

நான் சிரிக்கவில்லை.
போன வருஷமே அதைப் பார்த்திருந்தேன்.
பார்த்து, அதே மடிப்பில் மடித்து,
அதே இடத்தில் வைத்தேன்.
கண்டும் காணாதது போனது
பாசமா, பழியா,
கேட்க அலுத்துப்போன சலிப்பா?
அந்த நாலு கல்தானா என்று
சில ராத்திரி விழித்துக் கிடந்து கணக்குப் பார்க்கிறேன்.
கணக்கு ஒட்ட மாட்டேன் என்கிறது.

இப்போது உப்புப் பரணியில் கைவிட்டால்
கை தானாகப் பாதியில் நிற்கிறது.
அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து
இவர் நின்றுகொண்டிருந்தார்.
'இனிமே முழுசாப் போடலாம்லா' என்றார்.
சொன்னபிறகு
போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.
போட்டேன்.

கொழுந்தன் எடிசன் துபாயிலிருந்து வந்திருக்கிறான்,
சாவுக்கு லீவு கிடைக்காதவன்.
முதல் வாயிலேயே
'மைனி, இப்பல்லா கறி!' என்றான்.
நாத்தனார் இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.
அவள் வீட்டுக்காரர் சட்டியின் அடியை வழித்தார்.
பதினொரு வருஷம் கழித்து
என் கறியை இந்த வீடு ருசித்துச் சாப்பிட்டது.
நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.
ருசிக்க ருசிக்க ஒருவர் முகத்தை ஒருவர்
பார்க்க முடியாமல் போயிற்று.
மேஜையின் அந்தத் தலைமாட்டில்
கேக் பெட்டியை வைத்திருந்தோம்,
நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்று.

ஆட்லின்தான் முதலில் கையை உதறினாள்.
ஏழு வயசு.
'யம்மா, கரிக்கி.'
ஒரு வாய் தண்ணி குடித்தாள்.
'ரொம்பக் கரிக்கிம்மா.'

அவளுக்கு எங்கே தெரியும் முழு உப்பு?
பால் மறந்த நாளிலிருந்து
தாத்தாவின் அளவில் வளர்ந்த நாக்கு.

தட்டை இழுத்து
குழம்பில் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசைந்தேன்.
'நாளைக்குக் குறைச்சுப் போடுதேன்' என்றேன்.
யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.
எடிசன் மட்டும் எலும்பை உறிஞ்சுவதை நிறுத்தி
வாசலைப் பார்த்தான்.
ஸ்டார் காற்றில் ஒரு பக்கமாய்ச் சுற்றி
கயிறு முறுக்கேறி நின்று
மறுபக்கம் சுற்றத் தொடங்கியது.
'அதுல பல்பு இல்லையா?' என்றான்.